தேர்தல் மாதங்களில் சபையைக் காப்பது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில், பீனிக்ஸ், சாட்ஸ்வொர்த், வெருலம், டோங்காட் பக்கத்துச் சபைகளில் ஊழியம் செய்கிறவர்களுக்குத் தேர்தல் வருவது விளக்குக் கம்பங்களில் சுவரொட்டி ஏறுமுன்பே தெரிந்துவிடும். "பாஸ்டர், ஞாயிறு ஆராதனையில ஒரு அஞ்சு நிமிஷம் வாழ்த்துச் சொல்லிக்கிறேன்" என்று ஒருவர் வருவார். பெரும்பாலும் அவர் சபையார் ஒருவரின் அண்ணனாகவோ மாமாவாகவோ இருப்பார். முகத்துக்கு நேரே மறுப்பது கஷ்டம். அதனால் அவர் வருமுன்பே மூப்பர்கள் கூடி முடிவெடுத்து எழுதி வைத்துவிட வேண்டும்.

எழுத வேண்டியது ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. எந்த வேட்பாளருக்கும் மைக் கிடையாது. மண்டபத்தை வாடகைக்கு விட்டால் எல்லாக் கட்சிக்கும் ஒரே கட்டணம். இல்லையென்றால் யாருக்குமே இல்லை. சபை வாட்ஸ்அப் குழுவில் கட்சிச் செய்தி போடக்கூடாது. வேட்பாளராக நிற்கும் சபையார் முடிவு வரும்வரை பிரசங்கிக்கவும் மாட்டார், காணிக்கைக் கணக்கும் பார்க்கமாட்டார். கட்சி ஸ்டிக்கர் ஒட்டிய ஹேம்பரை, அதாவது உணவுப் பொதியை, சபை வளாகத்தில் கொடுக்கக்கூடாது. இந்தக் கடைசி விதிதான் மனதை வருத்தும். பசித்த வீட்டுக்கு வரும் அரிசியையும் எண்ணெயையும் தடுக்க யாருக்கு மனம் வரும்? தடுக்கவும் வேண்டாம். ஸ்டிக்கரும் கேமராவும் இல்லாமல், சபையின் உதவிப் பட்டியல்படி கொடுக்கச் சம்மதமா என்று கேளுங்கள். சம்மதித்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.

இதற்குச் சட்டத்தின் பலமும் உண்டு. வருமானவரிச் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி வரிவிலக்குப் பெற்ற பொதுநல அமைப்பு, தன் வளங்களை நேரடியாகவோ மறைமுகமாகவோ எந்தக் கட்சிக்கும் ஆதரவாகவோ எதிராகவோ பயன்படுத்த முடியாது. மண்டபம், ஒலிபெருக்கி, சபை வேன் எல்லாம் வளங்கள்தான். ஆனால் எங்களுக்குச் சட்டத்தைவிடப் பெரிய காரணம் திருவிருந்து. ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறவர்கள் வெவ்வேறு கட்டத்தில் புள்ளடி போடுகிறார்கள். அவர்களில் ஒருவரும் மேடையிலிருந்து வரும் வார்த்தையால் தள்ளப்படக்கூடாது.

ஜெபத்தில்தான் அதிகம் தடுமாறுகிறோம். வேட்பாளர் முன்னே வந்து முழங்காற்படியிடுவார், பாஸ்டர் தலையில் கைவைத்து ஜெபிப்பார், யாரோ படம் எடுப்பார்கள். ஜெபித்தவர் மனம் சுத்தமாகவே இருக்கும். மாலைக்குள் அந்தப் படம் கட்சியின் பேஸ்புக் பக்கத்தில் சபையின் ஆதரவாக வந்துவிடும். அதிகாரமுள்ள யாவருக்காகவும் ஜெபிக்கச் சொல்லும் 1 தீமோத்தேயு 2ஐ அப்படியே பின்பற்றினால் இந்தச் சிக்கல் வராது: தேர்தல் ஆணைய ஊழியர்கள், வாக்குச்சாவடிப் பொறுப்பாளர்கள், போலீசார், எல்லா வேட்பாளர்கள், அதன்பின் வார்டின் தேவைகள். வேட்பாளர் தம் குடும்பத்தோடு தாம் வழக்கமாக அமரும் இடத்திலேயே இருக்கட்டும்.

கட்சிச் சார்பில்லாமல் இருப்பதை மௌனம் என்று எடுத்துக்கொள்வது ஆபத்து. 1896இல், டர்பன் அடங்கிய அன்றைய நேட்டால் குடியேற்றத்தின் அரசு, இந்தியர்கள் புதிதாக வாக்காளராகும் வழியை அடைத்தது. 1984இல் கறுப்பினத்தவரை விலக்கி, வெள்ளையர், கலப்பினத்தார், இந்தியர் என இனவாரியான முச்சபைப் பாராளுமன்றம் வந்தபோது, இந்தியர் சபைக்கான தேர்தலைப் பெரும்பாலான இந்தியர்கள் புறக்கணித்தார்கள். அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்க இறையியலாளர்கள் வெளியிட்ட கைரோஸ் ஆவணம், அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13ஐ வைத்து அரசின் அநீதிக்குப் பரிசுத்தம் பூசுவதைக் கண்டித்தது. 1994 ஏப்ரல் 27 அன்றுதான் நம் மக்கள் எல்லோரோடும் வாக்களிக்க ஒரே வரிசையில் நின்றார்கள். ஆகவே ஊழல், இனவெறி, ஏழையை ஏமாற்றுவது ஆகியவற்றை மேடையில் பேசத்தான் வேண்டும். எந்தக் கட்சி செய்தாலும் அதே வார்த்தைகளில் பேச முடிகிறதா என்று பிரசங்கக் குறிப்பை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். கட்சியின் பெயரை மாற்றி வாசிக்கும்போது நாக்கு தயங்கினால் அந்தப் பத்தியைத் திருத்துங்கள்.

இங்கே தேர்தலில் மிகுதியாக விற்கப்படுவது பயம். 2021 ஜூலைக் கலவரத்தில் நாடு முழுவதும் 350க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்தியர் பெரும்பான்மையாக வாழும் பீனிக்ஸ் பகுதியில் 30க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள்; பெரும்பாலோர் கறுப்பின மக்கள். "அவர்கள் வருகிறார்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஓடிய குரல்பதிவுகள் தெருத்தடுப்புகளில் நின்றவர்களின் பயத்தை வளர்த்தன. பீனிக்ஸை அடுத்த கறுப்பினக் குடியிருப்புகளான பம்பாயியிலும் அமாவோட்டியிலும் பிள்ளையை இழந்த தாய்மாருக்கு அந்த வாரம் இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் யாராவது அதே பயத்தை, அவர்கள் பக்கமும் நம் பக்கமும், ஊதிப்பார்க்கிறார்கள். பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளை ஃபார்வர்ட் செய்கிற விரலுக்கும் உண்டு என்று இளைஞர் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

வதந்தி வந்தால் செய்ய வேண்டியது இது. குரல்பதிவில் பேசுகிறவர் யார், எந்த இடம், எந்த நாள் என்று கேளுங்கள். மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் அது உங்களோடு நிற்கட்டும். தேர்தலைப் பற்றிய பொய்யாகத் தெரிந்தால், பொய்ச்செய்திகளைப் பற்றிப் புகார் வாங்கும் ரியல்411 இணையதளத்தில் புகார் செய்யலாம். அனுப்பியவர் வயதான ஆன்ட்டி என்றால் குழுவில் வைத்துத் திருத்தாமல் தனியே போன் போட்டுப் பேசுங்கள். "நாங்க தோத்தா உங்க கிரான்ட் நின்னுடும்" என்ற பேச்சுக்கும் இதே பொறுமை வேண்டும். முதியோர் உதவித்தொகை 2004ஆம் ஆண்டுச் சமூக உதவிச் சட்டப்படி வருவது, எந்தக் கட்சியும் தன் பையிலிருந்து கொடுப்பதில்லை என்று நிதானமாக விளக்க வேண்டும்.

வாக்களிப்புக்கும் முடிவுக்கும் இடையிலான நாட்கள்தான் மிகவும் சூடானவை. 2024இல் மே 29 புதனன்று வாக்களிப்பு. முடிவை ஜூன் 2 ஞாயிறு மாலைதான் அறிவித்தார்கள். அன்று காலை ஆராதனைக்கு வந்தவர்கள், முன்னாள் அதிபர் ஸூமாவின் எம்கே கட்சி முறைகேடு என்று குற்றஞ்சாட்டி, அறிவிக்க வேண்டாம் என்று கேட்டிருந்த செய்தியோடு வந்தார்கள். அப்படிப்பட்ட ஞாயிறில் வெற்றி, தோல்வி என்ற சொற்களைப் பிரசங்கத்தில் உருவகமாகக்கூடப் பயன்படுத்தாதிருப்பது நல்லது. வாக்குகள் அந்தந்தச் சாவடியிலேயே எண்ணப்படுகின்றன, கட்சி முகவர்கள் கையெழுத்திடுகிறார்கள், முடிவுச் சீட்டு அங்கேயே ஒட்டப்படுகிறது என்பதை அறிவிப்பு நேரத்தில் சொன்னால் பாதிக் கோபம் தணியும். சந்தேகம் உள்ளவர் அந்தச் சீட்டைப் படம் எடுத்து, ஆணையம் வெளியிடும் எண்ணோடு ஒப்பிடலாம்.

அந்த முறை டர்பன் அமைந்த குவாசுலு-நேட்டால் மாகாணச் சபையில் எம்கே 80 இடங்களில் 37ஐப் பெற்றது. ஐஎஃப்பி, ஏஎன்சி, டிஏ, என்எஃப்பி என்ற நான்கு கட்சிகளும் சேர்ந்து 41 இடங்களோடு அரசு அமைத்தன. சுலு பேசும் சகோதரரும் தமிழ்ப் பெயர் கொண்ட சகோதரரும் ஒரே பெஞ்சில் அமரும் சபைகளில், ஒருவருக்கு இது அநியாயமாகவும் மற்றவருக்கு நிம்மதியாகவும் இருந்தது. நிம்மதி அடைந்தவர்தான் முதலில் மற்றவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது எங்கள் உறுதியான எண்ணம். போகிறவர் அரசியலை விளக்கப் போகக்கூடாது. டீ குடித்து, பிள்ளைகளை விசாரித்து, அவர் பேசினால் கேட்டுவிட்டு வரலாம்.

உள்ளாட்சித் தேர்தலுக்குப் பின் ஒரு வேலை கூடுதலாக உண்டு. டர்பனை உள்ளடக்கிய ஈத்தெக்வினி மாநகரில் 2021 தேர்தலில் 111 வார்டுகள் இருந்தன. புதிய கவுன்சிலர் எந்தக் கட்சியானாலும் பதவியேற்ற பிறகு ஒரு வாரநாள் மாலையில் மண்டபத்துக்கு அழையுங்கள். தண்ணீர்த் தடை, குழாய்க் கசிவு, எரியாத தெருவிளக்கு, ஒவ்வொன்றுக்கும் மாநகராட்சி கொடுத்த புகார் எண்ணையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். அந்தக் கூட்டத்துக்குப் பக்கத்து மசூதியையும் கோவிலையும் குடிசைப்பகுதிக் குழுவையும் அழைக்கலாம். தோற்ற வேட்பாளருக்கும் அழைப்பு போகட்டும்.