பழுப்பு நிறம் எங்கிருந்து வந்தது?

எலிக்குட்டி பிறக்கும்போது அதன் கீழ்த்தாடை உமிழ்நீர்ச் சுரப்பி பாதி வளர்ந்த நிலையில்தான் இருக்கும். அப்போது அங்கே பின்னர் மறைந்துபோகும் இடைக்காலக் கலங்கள் இரண்டு வகை; அவற்றின் பெயர்கள் முதலாம் வகை, மூன்றாம் வகை. முதலாம் வகையை எஸ்எம்ஜி-சி என்ற புரதத்தாலும் மூன்றாம் வகையை பி1 புரதங்களாலும் அடையாளம் காணலாம். இந்தப் புரதங்களில் ஒட்டி அவை இருக்கும் இடத்தைக் காட்டும் பிறபொருளெதிரிகள் கொழும்பில் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் சுரப்பி வயதோடு எப்படி மாறுகிறது என்று பார்க்க அக்குவாபோரின்-5ஐ எடுத்தோம். நீரைக் கடத்தும் இந்தப் புரதத்தின் மரபணுவை 1995இல் முதலில் பிரித்தெடுத்ததே எலியின் கீழ்த்தாடைச் சுரப்பியிலிருந்துதான்.

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி, விஸ்டார் இன ஆய்வுகூட எலிகள், ஐஸ் பெட்டியில் வரவேண்டிய பிறபொருளெதிரி என்று காத்திருப்பிலேயே நிறையக் காலம் போனது. சாயமேற்றும் வேலை அவ்வளவு கடினமில்லை. போர்மலினில் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, மெல்லியதாக வெட்டி, மறைந்திருக்கும் புரதம் வெளிப்படச் சித்திரேற்று (citrate) கரைசலில் சூடாக்கி, இரவு முழுக்க 4 பாகையில் பிறபொருளெதிரியோடு வைத்தோம். புரதம் இருக்கும் இடம் பழுப்பாகும்.

முதல் ஸ்லைட்டுகள் மிக அழகாக வந்தன. பிறந்த குட்டியில் கான்கள் (உமிழ்நீரைக் கொண்டுசெல்லும் குழாய்கள்) வெறுமையாகவும் வளர்ந்த எலியில் நல்ல பழுப்பாகவும் தெரிந்தன. வயதோடு புரதம் கூடுகிறது என்று அப்படியே எழுதிவிடலாம் போலிருந்தது. ஆனால் புரதத்தில் ஒட்டும் முதலாம் பிறபொருளெதிரியே சேர்க்காத கட்டுப்பாட்டு ஸ்லைட்டிலும் வளர்ந்த எலியின் கான்கள் அதே பழுப்பு!

மேற்பார்வையாளர் நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டு, "பிள்ளை, வரியுள்ள கான்களில எவ்வளவு இழைமணி இருக்கு எண்டு யோசிச்சுப் பாரும்" என்றார். விடை அதுதான். இழைமணி (மைட்டோகாண்ட்ரியா) நிறைந்த கலங்களில் பயோட்டின் என்ற விற்றமின் இயல்பாகவே அதிகம். எங்கள் சாயமுறையோ அவிடின் என்ற புரதமும் பயோட்டினும் ஒட்டுவதை வைத்துத்தான் இயங்குகிறது. சூடாக்கியது அந்தப் பயோட்டினை இன்னும் வெளிக்காட்டியிருக்கும். பிறந்த குட்டியில் வரியுள்ள கான்கள் இன்னும் முதிரவில்லை, அதனால் அங்கே பழுப்பும் இல்லை. நாங்கள் வளர்ச்சி என்று பார்த்தது உண்மையில் இழைமணியின் வளர்ச்சியை.

பயோட்டின் சேராத பொலிமர் முறைக்கு மாறியதும் கான்களில் பழுப்பு போய், பின்னணிச் சாயத்தின் தெளிந்த நீலம் மட்டும் நின்றது. அக்குவாபோரின்-5, உமிழ்நீரைச் சுரக்கும் அசினார் கலங்களில், உமிழ்நீர் வெளியேறும் பக்கத்து மென்சவ்வில் மட்டும் மெல்லிய பழுப்புக் கோடாக நின்றது. அதைக் கண்டபோது வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பிறந்த குட்டியிலும் அது தெரிந்தது, வளர்ந்த எலியைவிட மங்கலாக.

அப்புறம், சுண்டெலியில் உருவாக்கிய பிறபொருளெதிரியை எலி இழையத்தில் போடுபவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். முதலாவதில் ஒட்டும் இரண்டாம் பிறபொருளெதிரி எலியின் சொந்த இம்யூனோகுளோபுலினிலும் (எலியின் உடலே உருவாக்கும் பிறபொருளெதிரியிலும்) ஒட்டும், உமிழ்நீர்ச் சுரப்பியிலோ அதைச் சுரக்கும் பிளாஸ்மா கலங்கள் ஏராளம். எலிப் புரதத்தோடு ஒட்டாதபடி சுத்திகரித்த இரண்டாம் பிறபொருளெதிரி என்று குறிப்பிட்டிருப்பதை வாங்குங்கள்.

அடுத்து காதருகே உள்ள பரோட்டிட் உமிழ்நீர்ச் சுரப்பியில், மாப்பொருளைச் செரிக்கும் நொதியமான அமைலேசைப் பார்க்கப் போகிறோம். குட்டி பால் மறந்து திட உணவுக்கு மாறும் காலத்தில்தான் அது வெகுவாகக் கூடும். இம்முறை ஒவ்வொரு வயதுக்கும் தனித்தனிக் கட்டுப்பாட்டு ஸ்லைட் வைக்கிறோம்.