ட்ரைட், ஹாக்னீட், பனால்

நவம்பர் 3
இன்று எடுத்துக்கொண்ட சொற்கள் ட்ரைட், ஹாக்னீட், பனால். வெளிநாட்டு மேற்படிப்புக்காக எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வில் ஒரு வகைக் கேள்விக்கு ஆறு சொற்களைக் கொடுத்து, வாக்கியத்துக்கு ஒரே பொருளைத் தரும் இரண்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். ஒன்றை மட்டும் சரியாகக் குறித்தால் மதிப்பெண் கிடையாது. ஆகவே எந்தச் சொல்லையும் அதன் பங்காளிகளோடு சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது. எல்லோர் வாயிலும் புரண்டு சலித்துப்போனதைச் சொல்ல ஆங்கிலத்தில் இத்தனை பங்காளிகளா!

நவம்பர் 4
அப்பாவின் சதைத் துணுக்கைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார்கள். முடிவு திங்கட்கிழமைக்குப் பிறகுதான் வருமாம்.

நவம்பர் 6
ஹாக்னி என்பது வாடகைக்கு விடப்பட்ட குதிரை. காசு கொடுத்தவரெல்லாம் ஏறி ஓட்டியதால் களைத்துப்போன அந்தக் குதிரையிலிருந்துதான் ஹாக்னீட் பிறந்தது. ட்ரைட் என்பதற்கு லத்தீனில் தேய்க்கப்பட்டது என்று பொருள். மேலூரிலிருந்து சித்தப்பாவும் திருமங்கலத்திலிருந்து மாமாவும் பார்க்க வந்தார்கள். மனதைத் தளரவிடக் கூடாது, எல்லாம் நல்லபடியாக முடியும் என்று இருவரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே வாக்கியத்தைச் சொன்னபோது எனக்கு எரிச்சல் பொங்கியது. அப்பாவோ அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், உங்கள் பக்கம் மழை உண்டா என்று ஒவ்வொருவரிடமும் விசாரித்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 7
படிக்கவில்லை.

நவம்பர் 9
பனாலின் கதை வேறு. பழைய பிரான்சில் ஊரார் தங்கள் தானியத்தைப் பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும், ரொட்டியை அவருடைய அடுப்பில்தான் சுட வேண்டும், அதற்குக் கட்டணமும் செலுத்த வேண்டும். அந்த ஆலைக்கும் அடுப்புக்கும் உரிய அடைமொழியே எல்லோருக்கும் பொதுவானது என்றாகி, பிறகு சுவையற்றது என்றாயிற்று. இதை ட்ரைட்டுக்கு இணை என்று பயிற்சி நூல் முடித்துவிடுகிறது. எனக்கு அது ஒப்பவில்லை. ட்ரைட் பேச்சோடும் எழுத்தோடும் நின்றுவிடுகிறது; பனாலோ ஒரு முழுப் பிற்பகலுக்கும் பொருந்தும். சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, ரசீதை இன்னொரு சன்னலில் கொடுத்து, மறுபடியும் பெஞ்சில் உட்காரும் இந்தப் பிற்பகல்களுக்குக் கட்டாயம் என்ற அந்தப் பழைய பொருளும் சேர்ந்தே பொருந்துகிறது.

நவம்பர் 10
முடிவு வரவில்லை. பொழுது போகட்டும் என்று ரன் ஆஃப் த மில் என்ற தொடரை அப்பாவுக்கு விளக்கினேன்: ஆலையிலிருந்து வந்தபடியே, தரம் பிரிக்காத சரக்கு, அதனால் சாதாரணமானது. அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "எங்க ஆர்வி மில்லுல தரம் பாக்காம ஒரு கட்டு நூலு வெளிய போகாது தாயி, யாரு சொன்னா உனக்கு?" 40-ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நூலைச் சுற்றிய சிட்டங்கள் 40 இருக்க வேண்டும் என்று விரல்விட்டு விளக்கி, நான் திருப்பிச் சொல்லும்வரை விடவில்லை. பக்கத்துக் கட்டில்காரரும் மில்காரராம். இருவரும் இரவு வரை நூற்பைப் பற்றியே பேசினார்கள்.

நவம்பர் 11
தேர்வு சனிக்கிழமை, 1 மணி 58 நிமிடம். தேதியை மாற்றுவதைப் பற்றி அப்பாவிடம் இன்னும் பேசவில்லை. முடிவு மூன்று மணிக்கு மேல் கிடைக்கும் என்கிறார்கள். அதற்குள் பால் வாங்கிவர வேண்டும்.