மேகத்துக்கென்று பூசிய ரோஸ்

பிளாஸ்டிக் மாடல் கட்டுகிறவர்களுக்கு ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானம் என்றாலே பச்சையும் பழுப்பும்தான். என் மேஜையில் காய்ந்துகொண்டிருப்பதோ வெளிர் ரோஸ் கலர். "சண்டை பிளேனுக்குப் போய் இந்தக் கலரா மாமா?" என்று அக்கா மகள் கேட்டாள். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் எதிரி நிலைகளைப் படமெடுக்க பிரிட்டிஷ் விமானப்படை ஸ்பிட்ஃபயரை அனுப்பியது. 30,000 அடியில் பறப்பவற்றுக்கு அழுத்தமான நீலம். தாழப் பறப்பவற்றுக்கு ரோஸ். மூட்டமான நாளில், விடியலிலோ அந்தியிலோ, மேகத்தின் அடிப்பகுதியை ஒட்டிப் போனால் கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவனுக்கு மேகம் எது, விமானம் எது என்று பிரித்தறிய முடியாது. மேகம் கலைந்துவிட்டால் தீர்ந்தது. மேலே சுற்றும் ஜெர்மன் விமானிக்கு, பச்சை வயல் பின்னணியில் அதே ரோஸ் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் தாழப் பறந்த 'ஜி' வகைக்கு மட்டும் எட்டு இயந்திரத் துப்பாக்கிகளை விட்டுவைத்தார்கள். உயரத்தில் பறந்தவை துப்பாக்கியே இல்லாமல், வேகத்தையும் உயரத்தையும் மட்டும் நம்பிப் போயின.

இந்த யோசனைக்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டவர் சிட்னி காட்டன் என்ற ஆஸ்திரேலியர். லண்டன் பக்கத்து ஹெஸ்டன் விமான தளத்தில் ஜோத்பூர் மகாராஜாவின் வெளிர்பச்சை விமானம் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் வானத்தோடு கலந்துபோனதைப் பார்த்துத்தான் தனக்கு அந்த எண்ணம் வந்தது என்பாராம். அப்படிப் பிறந்த வெளிர்பச்சைதான் 'கேமோடின்ட்'. 1939 நவம்பர் 18 அன்று மாரிஸ் லாங்பாட்டம் அந்த நிற ஸ்பிட்ஃபயரில் பிரான்சிலிருந்து ஜெர்மனியின் ஆகன் நகரை நோக்கிப் பறந்தார்.

தாழப் பறந்து படமெடுப்பதன் பலனுக்கு ஒரு சான்று போதும். 1941 டிசம்பரில் டோனி ஹில், பிரான்ஸ் கடற்கரையின் புருனெவலில் நின்ற ஜெர்மன் ரேடாரைப் பக்கவாட்டில் படமெடுத்தார். அந்தப் படத்தை வைத்துத் திட்டம் போட்டு, 1942 பிப்ரவரியில் பாராசூட் படை இறங்கி ரேடாரின் பாகங்களைக் கழற்றிக்கொண்டே வந்துவிட்டது. அதே வருடம் இன்னொரு பறப்பில் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு ஹில் இறந்தார். இந்த விமானிகளின் துணிச்சலுக்கு முன்னால் சண்டை விமானிகள் சுட்டு வீழ்த்திய விமானங்களின் கணக்கெல்லாம் எனக்குச் சின்னதாகத்தான் தெரிகிறது.

கலவைக்கு வருவோம். வெள்ளையில் சிவப்பைக் குச்சி முனையால் தொட்டுச் சேர்த்தாலே போதும், துளி கூடினாலும் பஞ்சுமிட்டாய் ஆகிவிடும். மொட்டை மாடியில் விடிகாலை மேகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். வெள்ளை என்றே சொல்லத்தக்க அளவுக்கு வெளிறியதுதான் சரி.

பக்கவாட்டுக் கேமரா இடது பக்கம், விமானி இருக்கைக்குப் பின்னால். அதற்கென்று தனியாகக் குறிபார்க்கும் கருவி கிடையாது. கண்ணாடிக் கூண்டின் பக்கவாட்டுப் புடைப்பில் ஒரு சின்னக் கூட்டல் குறி, இறக்கையின் பின்விளிம்பில் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. இரண்டும் நேராகும்படி விமானத்தைச் சாய்த்து, குறி இலக்கைக் கடக்கும்போது பொத்தானை அழுத்த வேண்டும். அந்தக் கோட்டை இன்றிரவு மெல்லிய பிரஷ்ஷால் போட்டுவிட்டால் என் விமானம் முடிந்தது. அடுத்தது கேமோடின்ட்.