தாஃபென் கிராமமும் நீல உடை இளவரசியும்

கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். ஹாங்காங்கிலிருந்து லுவோஹு எல்லையைக் கடந்து சீனாவின் ஷென்ஜெனுக்குள் கால் வைத்ததுமே ஒரு டாக்ஸிக்காரர் என் பையைப் பிடித்துக்கொண்டார். நான் போக வேண்டிய தாஃபெனுக்கு 200 யுவானாம். நகர்ந்ததும் 150 ஆயிற்று, படி இறங்கும்போது 120. மெட்ரோவில் பத்து யுவான்கூட ஆகாத தூரம் அது! முதல் லைனில் ஏறி லாவ்ஜியேயில் இறங்கி, மூன்றாவது லைனுக்கு மாறினால் தாஃபென் என்ற பெயரிலேயே ஸ்டேஷன் இருக்கிறது. விசாவுக்கும் விமான டிக்கெட்டுக்குமே பர்ஸ் காலியான என்னைப் போன்றவர்கள் தயவுசெய்து டாக்ஸி பக்கம் திரும்பாதீர்கள்.

தாஃபென், கையால் வரைந்த ஓவிய நகல்களுக்குப் பேர்போன இடம். ஹாங்காங்கிலிருந்து ஹுவாங் ஜியாங் என்ற ஓவியர் 1989-ல் சில ஓவியர்களோடு வந்து, வாடகை குறைவு என்று இங்கே பட்டறை போட்டார். பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் வந்து சேர்ந்தார்கள். தெருவுக்குத் தெரு வான்கோவின் சூரியகாந்தி. எனக்கு அது வேண்டாம். நான் தேடிப் போனது ஸ்பெயின் அரசவை ஓவியர் வெலாஸ்கெஸ் வரைந்த இளவரசி மார்கரீத்தா தெரேசாவை.

வியன்னாவின் குன்ஸ்ட்ஹிஸ்டோரிஷஸ் அருங்காட்சியகத்தில் அந்த அசலைப் பார்த்ததிலிருந்து மனது அங்கேயே நிற்கிறது. வரைந்த வருடம் 1659, அவளுக்கு எட்டு வயது. வெள்ளிப் பட்டைகள் வைத்த அகலமான நீல உடை, குளிருக்குக் கைகளை நுழைத்துக்கொள்ளப் பழுப்பு ரோமத்தில் ஓர் உறை. ஸ்பெயின் அரசர் நான்காம் பிலிப்பின் மகள். சின்ன வயதிலேயே வியன்னாவில் இருந்த பேரரசர் லியோபோல்டுக்கு என்று நிச்சயித்துவிட்டார்கள். அவர் அவளுடைய தாய்மாமன், நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெண் எப்படி வளர்கிறாள் என்று மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்டத்தான் இந்தப் படங்கள் மாட்ரிட்டிலிருந்து போயின. 1666-ல் கல்யாணம். 1673-ல் 21 வயதில் இறந்துபோனாள். இது தெரிந்த பிறகு அந்த முகத்தைச் சும்மா பார்த்துவிட்டுக் கடக்க முடியவில்லை.

நகல் என்றால் முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெலாஸ்கெஸ் பட்டறையிலேயே அரச குடும்பப் படங்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார்கள். அவருடைய மருமகன் மாஸோ அதில் கைதேர்ந்தவர். கேமரா இல்லாத காலத்தில் வேறு வழியும் கிடையாது.

சரி, கடைக்கு வருவோம். பெரிய தெருவில் ஏசி போட்ட ஒரு கேலரியில் நம் இளவரசி தங்கச் சட்டத்துக்குள் இருந்தாள். விலை 1,800 யுவான், ‘நூறு சதம் கைவேலை’ என்று சத்தியம். பக்கத்தில் போய்ச் சாய்த்துப் பார்த்தேன். பிரிண்ட் எடுத்த கான்வாஸ், மேலே நிறமில்லாத ஜெல்லைத் தடவித் தூரிகைத் தடம் மாதிரி காட்டியிருக்கிறார்கள்! தடம் ஒரு பக்கம் ஓடுகிறது, நிறம் வேறு பக்கம் ஓடுகிறது. இது பச்சை ஏமாற்று. வாங்குகிறீர்களோ இல்லையோ, வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்க்காமல் பர்ஸைத் திறக்காதீர்கள். சாயத்தின் மேடு நிறத்தோடு சேர்ந்தே போக வேண்டும். புதிதாக வரைந்தது என்றால் எண்ணெய் வாசனையும் வரும்.

உண்மையான வேலை பின்சந்துகளில் நடக்கிறது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, ஆள் ஒதுங்கி நிற்க வேண்டிய இடத்தில், சுவரிலேயே கான்வாஸை மாட்டி வரைகிறார்கள். அங்கே ஓர் அம்மா குழந்தை முகங்கள் மட்டும் நன்றாக வரைவார் என்று பக்கத்துக் கடைக்காரர் கை காட்டினார். செல்போன் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு பேசினோம். அவரிடம் இருந்த மாதிரிப் படத்தில் வெள்ளிப் பட்டையின் ஒவ்வொரு கோடும் துல்லியம், ஆனால் உடை தகரம் போல விறைத்து நின்றது. நான் வியன்னாவில் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினேன். அசலில் கிட்டப் போனால் வெறும் சாம்பல், வெள்ளைத் தீற்றல்கள்தான், நாலடி பின்னால் வந்தால்தான் அது சரிகையாகிறது. அந்த அம்மா போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பழைய துண்டுக் கான்வாஸ் ஒன்றை எடுத்து, அகலத் தூரிகையால் ஐந்தாறு இழுப்பு. வெள்ளி மின்னியது. எனக்குக் கைதட்டத் தோன்றியது, தட்டியும் விட்டேன்.

அசல் 127-க்கு 107 செ.மீ. என் வீட்டுச் சுவருக்கும் பட்ஜெட்டுக்கும் அது தாங்காது. 60-க்கு 50 என்று பேசி, 700 யுவானுக்கு முடிந்தது. பாதி முன்பணம். நான் வைத்த ஒரே நிபந்தனை, முகத்தை அழகாக்கக் கூடாது. இங்கே பெரிய வியாதியே அதுதான். கண்ணைப் பெரிதாக்கி, கன்னத்தைச் சிவப்பாக்கி, ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்துக்கே உரிய துருத்திய தாடையைச் செதுக்கி பொம்மை ஆக்கிவிடுகிறார்கள். அவளுடைய தம்பி பெலிப்பே புரோஸ்பெரோ கதி இன்னும் மோசம். அசலில் நோயாளிக் குழந்தை அவன், கண்ணேறு படாமல் இருக்க இடுப்பில் தாயத்தும் மணியும் தொங்கும், நாற்காலியில் ஒரு குட்டி நாய் படுத்திருக்கும். 1661-ல் நாலு வயது முடியும் முன்பே போய்விட்டான். ஒரு கடையில் அவனைக் கொழுகொழுவென்று சிரிக்க வைத்திருந்தார்கள். வயிறு எரிந்தது.

மதியச் சாப்பாடு பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சந்து முனையில் மண்சட்டிச் சோறு, 22 யுவான். அடியில் பிடித்த காந்தல் மொறுமொறுவென்று, மேலே இனிப்பான சீனத் தொத்திறைச்சி, சோயா சாறு. இந்தப் பயணத்திலேயே இதுதான் சிறந்த சாப்பாடு.

குவாங்ஜோவைச் சுற்றிவிட்டு வந்து படத்தை வாங்கினேன். தாடை அப்படியே இருந்தது. அந்த எட்டு வயதுக் கண்ணில் இருந்த சோர்வும் இருந்தது! மீதிப் பணத்துக்கு மேல் 50 யுவான் கொடுத்தேன். பட்ஜெட் அன்றைக்கு உடைந்ததில் வருத்தமே இல்லை.

எடுத்து வருகிறவர்கள் கவனிக்க: சட்டம் அங்கே போடாதீர்கள், விமானத்தில் பாரம். தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகுதான் சுருட்ட வேண்டும், அதுவும் சாயப் பக்கம் வெளியே இருக்கும்படி, தடிமனான குழாயில். உள்பக்கமாகச் சுருட்டினால் விரிக்கும்போது வெடிக்கும். வார்னிஷ் இப்போதே அடித்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், எண்ணெய்ச் சாயம் முழுக்கக் காய ஆறு மாதமாவது பிடிக்கும். குழாய்க்குத் தனியாக 40 யுவான் கேட்கிறார்கள். பேசினால் 15-க்குத் தருவார்கள்.