மலையைச் சுத்த ஏசி எதுக்கு?

பெங்களூரு அல்சூர்லேருந்து திருவண்ணாமலை ஏறத்தாழ 200 கிலோமீட்டர். பௌர்ணமி இல்லாத சனிக்கிழமையாப் பார்த்து, ஒரே நாள்ல போய்வர இன்னோவா பேசியாச்சு. விடியக்காலை நாலுக்கே கிளம்பணும், இல்லேன்னா சில்க் போர்டு சிக்னல்லதான் சூரிய நமஸ்காரம். கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் வழி. மத்தியானம் நடை சாத்துறதுக்குள்ள தரிசனம்.

எனக்கு ஆசை ஸ்கந்தாசிரமம்தான். ரமணர் 1916-லிருந்து 1922 வரை இருந்த இடம். கீழே இருக்கிற ரமணாசிரமத்துக்குப் பின்னாடி கல்பாவின பாதையில ஏறினா, ஒரு திருப்பத்துல கோபுரமெல்லாம் பொம்மைக் கொலு மாதிரி கீழே தெரியும்.

கிரிவலம் 14 கிலோமீட்டர். "கார்லயே சுத்திடலாம்மா, உன் முட்டி தாங்காது" என்றேன்.

"மலையே சிவன்டா. அவரை ஏசி போட்டுக்கிட்டா சுத்துவே?"

டிரைவரண்ணனுக்கு போன் போட்டு, திரும்ப நடுராத்திரி ஆகும்னு சொல்லிட்டேன்.