பிட்ஸ்பர்க் பெரியவர்களின் குரலைப் பதிவு செய்தபோது

முதல் பதிவு எழுபது நிமிடம் ஓடியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ரெக்கார்டரின் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் சிவப்பு விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டும். அது தயார் நிலை மட்டும்தான். இன்னொரு முறை அழுத்தி, விளக்கு நிலையாக எரிந்து, திரையில் நொடிகள் ஓடத் தொடங்கினால்தான் பதிவாகிறது என்று பொருள். ஹெட்ஃபோனில் குரல் தெளிவாகக் கேட்டது, ஒலி அளவைக் காட்டும் கோடுகளும் ஆடின, அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வீட்டுக்கு வந்து மெமரி கார்டைக் கணினியில் செருகிப் பார்த்தால் கோப்பே இல்லை.

எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, தான் பிறந்த தெரு இடிக்கப்பட்ட கதையை எனக்காகச் சொல்லியிருந்தார். அதைத் தொலைத்துவிட்டேன். அன்றிரவு தூங்கவில்லை. மறுநாள் போன் செய்து உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “சரி ஹனி, அடுத்த வாரம் வா. நான் எங்கேயும் போகப்போவதில்லை” என்றார்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள பிட்ஸ்பர்க் நகர மையத்துக்குச் சற்று மேலே இருக்கிறது ஹில் டிஸ்ட்ரிக்ட். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் கறுப்பின மக்கள், யூதர்கள், இத்தாலியர், சிரியர் எனப் பலரும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழ்ந்த மேடு அது. வைலி அவென்யூவின் ஜாஸ் கிளப்புகள் நாடறிந்தவை. 1956-இல் அதன் கீழ்ப்பகுதியை நகர நிர்வாகம் இடிக்கத் தொடங்கியது. 95 ஏக்கர் நிலம், சுமார் 8,000 மக்கள், 400-க்கும் மேற்பட்ட கடைகளும் தொழில்களும் போயின. அந்த இடத்தில் திறந்து மூடும் எஃகுக் கூரையோடு ஓர் அரங்கம் எழுந்து 1961-இல் திறக்கப்பட்டது. அதையும் 2011-இல் இடிக்கத் தொடங்கினார்கள். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் அங்கே பார்த்தது வெறும் கார் நிறுத்துமிடத்தைத்தான். பல மாதங்கள் அங்கே காரை நிறுத்திவிட்டு வேலைக்குப் போயிருக்கிறேன், காலடியில் என்ன இருந்தது என்று தெரியாமலே. நூலகத்தில் பெரியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்யத் தன்னார்வலர்கள் வேண்டும் என்றதும் பெயர் கொடுத்ததற்கு அதுதான் காரணம்.

பயிற்சியில் அதிக நேரம் எடுத்துக்கொண்டது ஒப்புதல் படிவம். பென்சில்வேனியா சட்டப்படி, பேசுகிற எல்லோருடைய சம்மதமும் இல்லாமல் தனிப்பட்ட உரையாடலைப் பதிவு செய்யக்கூடாது. அதுபோக, ஒருவர் சொன்ன சொற்களின் உரிமை அவருடையது. அவர் எழுதிக் கொடுத்தால்தான் நூலகம் அதை வைத்துக்கொண்டு பிறருக்குக் கேட்கத் தரமுடியும். முதலில் படிவத்தை நீட்டினால் பெரியவர்கள் தயங்குகிறார்கள். இந்த ஊரில் படிவத்தில் கையெழுத்து வாங்கித்தானே அவர்கள் வீட்டை எடுத்துக்கொண்டார்கள்! அதனால் முதல் சந்திப்பில் பதிவே கிடையாது. தேநீர், பேச்சு, பழைய படங்கள், அவ்வளவுதான். படிவத்தை அவரிடமே விட்டுவிட்டு வருவேன், பிள்ளைகளிடம் காட்டட்டும் என்று. இந்த அம்மா தன் அண்ணனைப் பற்றிய பகுதியைத் தன் காலத்துக்குப் பிறகுதான் வெளியிட வேண்டும் என்றார். படிவத்தின் ஓரத்தில் அதைக் கையால் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம்.

இரண்டாம் முறை போனபோது சமையலறை மேசையில்தான் உட்கார்ந்தோம். வரவேற்பறை மரியாதைக்குரிய இடம்தான், ஆனால் பேச்சு வருவது சமையலறையில். அங்கே தொல்லை ஃபிரிட்ஜ். நம் காது அதன் முனகலைப் பழகி மறந்துவிடும், மைக் மறக்காது. அனுமதி கேட்டு ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு, என் கார் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவேன். சாவி இல்லாமல் கிளம்ப முடியாதே, மறுபடி ஓடவிட மறக்காது. பயிற்சியில் சொல்லித் தந்த இந்த வித்தைக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். விளக்கு நிலையாக எரிகிறதா என்று இருமுறை பார்த்தேன். அந்த அம்மாவும் எட்டிப் பார்த்து, “ஓடுகிறது” என்றார்.

இம்முறை கேள்வித்தாளை எடுத்துப் போகவில்லை. 1920-களில் அச்சான ஹாப்கின்ஸ் வரைபடத்தின் நகலைக் கொண்டுபோனேன். ஒவ்வொரு மனையும், கட்டடம் செங்கல்லா மரமா என்பது வரைக்கும் வண்ணமிட்டுக் காட்டும் படம் அது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கிறது. மேசையில் விரித்ததும் அவர் விரல் தெருவில் நடக்க ஆரம்பித்துவிட்டது. “இங்கே மீன் கடை, வெள்ளிக்கிழமை வரிசை. இங்கே யூதத் தையற்காரர், அவர்களுடைய ஓய்வுநாளில் நெருப்பைத் தொடக்கூடாது என்று, வெள்ளிக்கிழமை மாலையில் விளக்கு ஏற்றித் தரும்படி என்னைக் கூப்பிடுவார். இங்கே படிக்கட்டு, மூன்றாவது படி உடைந்தது.” “உங்கள் இளமைக்காலம் எப்படி இருந்தது?” என்று நான் முதல் முறை கேட்டபோது, “நன்றாகத்தான் இருந்தது” என்பதைத் தாண்டி வர நெடுநேரம் ஆனது. பெரிய கேள்விக்குப் பெரியவர்கள் பொதுப் பதில்தான் தருகிறார்கள். வாசலில் நின்றால் என்ன வாசனை வரும் என்று கேட்டுப் பாருங்கள், கதவு திறந்துகொள்ளும்.

விரல் வைலி அவென்யூவும் எல்ம் தெருவும் சேரும் முனைக்கு வந்து நின்றது. கறுப்பின மெதடிஸ்ட் கிறிஸ்தவர்களின் பெத்தெல் ஏ.எம்.ஈ. தேவாலயம் இருந்த இடம். தாத்தா காலத்திலிருந்து அவர்கள் குடும்பம் போன கோயில் அது. “கட்டடம் இடிக்கும் இரும்புக் குண்டு வந்து மோதியபோது எதிர்ப் பக்கம் நின்றேன்” என்றவர் பேச்சை நிறுத்திவிட்டார். அடுத்த கேள்வி என் நாக்கு நுனியில் இருந்தது. கையை மேசைக்கு அடியில் இறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். பிறகு கேட்டுப் பார்த்தபோது தெரிந்தது, அந்த அமைதி 22 நொடிகள். அதற்கப்புறம் அவர் சொன்னது எதுவும் முதல் பதிவில் இல்லை. தேவாலயம் போன பிறகு அவருடைய அம்மா ஞாயிற்றுக்கிழமைகளிலும் வீட்டு உடையிலேயே இருந்தாராம். தொலைந்துபோனதற்காக நான் இன்றும் வருந்துகிறேன், ஆனால் இரண்டாம் முறை கிடைத்தது வேறு ஒன்று.

தேவாலயம் இடிக்கப்பட்டதை அவர் 1958-இன் கோடை என்றார். இடித்தது 1957-இல். எழுத்துப் பிரதியில் அவர் சொன்னதை அப்படியே விட்டு, கீழே குறிப்பாகச் சரியான ஆண்டைச் சேர்த்தோம். ஆண்டு ஆவணத்தில் கிடைத்துவிடும். அவருடைய தாயின் வீட்டு உடையை எந்த ஆவணத்தில் போய்த் தேடுவது?

மற்றவர்களையும் சொல்ல வேண்டும். 1986-இல் மூடப்பட்ட ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் வேலை பார்த்த ஒருவர், வெஸ்ட் மிஃப்லின் மேட்டில் இரவில் உருகிய கசடைக் கொட்டும்போது வானமே சிவக்கும் என்றார். ஜோடிகள் காரில் போய் அதைப் பார்ப்பார்களாம். தன் மனைவியிடம் அவர் சம்மதம் கேட்டதும் அங்கேதான். இன்னொரு பாட்டி, நிலக்கரிப் புகைக்குக் கட்டுப்பாடு வருவதற்கு முன் நண்பகலில் தெருவிளக்கு எரிந்ததையும், வசந்தம் வந்தால் பிசைந்த மாவு போன்ற ஒன்றை உருட்டி உருட்டிச் சுவர்க் காகிதத்தின் கரியை எடுத்ததையும் கையால் செய்தே காட்டினார். சைகை ஒலிப்பதிவில் வராது. “கையால் உருட்டிக் காட்டுகிறீர்கள்” என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

எழுத்தில் கொண்டுவருவதுதான் நீண்ட வேலை. தானாக எழுதித் தரும் மென்பொருள் இந்த ஊர்ப் பேச்சில் தடுமாறுகிறது. ‘நீங்கள் எல்லோரும்’ என்பதற்கு இங்கே ‘யின்ஸ்’ என்பார்கள். அது ஒவ்வொரு முறையும் வேறொரு சொல்லாக வந்தது. வீட்டை ஒழுங்குபடுத்துவதற்கு ‘ரெட் அப்’. அது சிவப்பு நிறமாகிவிட்டது. ஒரு மணி நேரப் பதிவைத் திருத்த எனக்கு ஆறு மணி நேரமாவது ஆகிறது. இலக்கணத்தைத் திருத்துவதில்லை. கோப்பு சுருக்கப்படாத வேவ் வடிவத்தில் மூன்று இடங்களில் இருக்கும், அதில் ஒன்று வேறு கட்டடத்தில். அன்று இரவே பிரதி எடுக்காமல் நான் சாப்பிட உட்காருவதில்லை.

எழுத்துப் பிரதியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு அந்த அம்மாவிடம் கொடுத்தேன். மூன்று வாரம் வைத்திருந்து பென்சில் திருத்தங்களோடு திருப்பித் தந்தார். பெரும்பாலும் தெருப்பெயர்கள், ஒரு மீன் கடைக்காரரின் பெயர். அந்த 22 நொடியை நான் ‘மௌனம்’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தேன். அதன் பக்கத்தில் சிறிய எழுத்தில், “மணிக்கூண்டு விழுந்துகொண்டிருந்தது” என்று எழுதியிருந்தார். பிரதியில் அதையும் சேர்த்துவிட்டேன்.