இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்: அப்பாவின் டைரிகளை கிளவுடில் ஏற்றிய அனுபவம்

அப்பா விட்டுச் சென்ற 31 டைரிகளையும் ஸ்கேன் செய்து, திருச்சியில் என் கணினியிலும் கோவையில் அண்ணன் கணினியிலும் ஒரே சமயத்தில் இருக்கும்படி கிளவுட் சேமிப்பில் ஏற்றிவிட வேண்டும் என்று நாங்கள் இருவரும் முடிவு செய்து நான்கு மாதங்கள் ஆகின்றன. இன்று அந்த வேலை முடிந்துவிட்டது. ஆனால் நடுவில் 19 நாட்கள் அந்தப் படங்கள் எங்கள் இருவர் கணினியிலும் இல்லாமல் இருந்தன என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. எங்கள் ஊர்க் கண்மாய்களின் மடை, கலிங்கு (உபரி நீர் வெளியேறும் இடம்), வரத்துவாரி (கண்மாய்க்கு நீர் வரும் வாய்க்கால்) எது எங்கே இருந்தது என்று அப்பா முப்பது ஆண்டுகளாக எழுதி வந்த குறிப்புகள் அவை. செல்லரித்த பக்கங்கள் சில ஸ்கேனரில் வைத்து எடுக்கும்போதே உதிர்ந்துவிட்டதால், அந்தப் பக்கங்களுக்கு இனிப் படம் மட்டும்தான் சாட்சி.

கணக்குத் தொடங்கியது, 100 ஜிபி திட்டத்துக்குப் பணம் கட்டியது, செயலியை நிறுவியது எல்லாம் அரைமணி நேரத்தில் முடிந்தன. ஏ4 அளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) வண்ணத்தில், சுருக்காமல் எடுத்தால் ஒரு படம் சுமார் 26 எம்பி வரும். அப்படி 2,400 படங்களும் குடும்பப் புகைப்படங்களும் சேர்ந்து 86 ஜிபி இருந்தன. என் இணைப்பின் பதிவேற்ற வேகம் 10 எம்பிபிஎஸ் என்பதால் கணக்குப்படி 19 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும்; மின்தடையும் மாலை நேர நெரிசலும் சேர்ந்து மூன்று நாட்கள் ஆயின. இணைப்பை வாங்கும்போது நாம் பெரும்பாலும் பதிவிறக்க வேகத்தைத்தான் கேட்கிறோம். இந்த வேலைக்குப் பதிவேற்ற வேகம் என்ன என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

முதல் தவறு நிறுவும்போதே நடந்துவிட்டது. 'டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் கோப்புறைகளைப் பாதுகாக்கவா?' என்று செயலி கேட்டபோது, நல்லதுதானே என்று ஒப்புக்கொண்டேன். அவற்றின் நகலை எடுத்துக்கொள்ளும் என்றுதான் நினைத்தேன். உண்மையில் அந்தச் செயலி அவற்றைத் தன் கோப்புறைக்குள்ளேயே இடம் மாற்றிவிட்டது. அதனால் ஒவ்வொரு கோப்பின் முழு முகவரியும் முன்பிருந்ததைவிட நீண்டது. விண்டோஸில் ஒரு கோப்பின் முகவரி, இயக்ககத்தின் எழுத்திலிருந்து (சி, டி போன்றது) கோப்பின் பெயர் முடியும் வரை, வழக்கமாக 260 குறியீடுகளுக்கு மேல் போகக்கூடாது. நான் ஒவ்வொரு படத்துக்கும் அந்தப் பக்கத்தின் முதல் வரியையே பெயராக வைத்திருந்தபடியால் மூன்று படங்கள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. மற்ற 2,397 படங்களும் ஏறியபின் இந்த மூன்றின் பக்கத்தில் மட்டும் சிவப்புப் பெருக்கல் குறி நின்றது. மூன்றுதானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது, ஒரு வீண் பயணம். விராலிமலைக்கு அப்பால் உள்ள எங்கள் ஊரில் இருக்கும் பெரியப்பாவிடம், டைரியில் புரியாமல் இருந்த வரத்துவாரிப் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்வதற்காக மடிக்கணினியை எடுத்துக்கொண்டு காலையிலேயே பேருந்து ஏறினேன். திண்ணையில் அமர்ந்து கோப்புறையைத் திறந்தால் எல்லாப் பெயர்களும் வரிசையாகத் தெரிந்தன. ஆனால் ஒரு படம்கூடத் திறக்கவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு நீல மேகம். அந்தக் குறி இருந்தால் கோப்பு கிளவுடில் மட்டும்தான் இருக்கிறது, கணினியில் இருப்பது அதன் பெயர் மட்டும் என்று பொருள். அந்தத் தெருவில் கைப்பேசிக்கே சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். 26 எம்பி படத்தை அங்கே இறக்குவது நடக்கிற காரியமில்லை. எண்பத்து நான்கு வயதில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்த பெரியப்பா, "பரவாயில்லப்பா, இன்னொரு நாள் வா" என்றபோது எனக்கு மிகவும் சங்கடமாகிவிட்டது. வெளியூர் செல்வதற்கு முதல்நாளே, வேண்டிய கோப்புறையின் மேல் வலது சொடுக்கி, 'இந்தச் சாதனத்தில் எப்போதும் வைத்திரு' என்ற வகையிலான தெரிவைக் கொடுத்து, நீல மேகம் போய்ப் பச்சைக் குறி வந்துவிட்டதா என்று பார்த்துவிட வேண்டும்.

அடுத்து நடந்ததுதான் பெரிய தவறு. மேசைக் கணினியின் 256 ஜிபி வட்டு நிறைந்துபோய்க் கணினி திணறத் தொடங்கியது. படங்கள்தான் பத்திரமாகக் கிளவுடில் இருக்கின்றனவே, கணினியில் இருப்பவற்றை நீக்கினால் இடம் கிடைக்கும் என்று எண்ணி டைரிக் கோப்புறையைத் தேர்ந்தெடுத்து டெலிட் விசையை அழுத்தினேன். குப்பைத்தொட்டியில் வைக்க முடியாத அளவுக்குப் பெரியது, நிரந்தரமாக நீக்கவா என்று விண்டோஸ் கேட்டது, சரி என்றேன். முகவரி நீளமாக இருப்பதால் மூன்று கோப்புகளை நீக்க இயலவில்லை, தவிர்க்கவா என்று மறுபடியும் கேட்டது; அதற்கும் சரி என்றேன். 62 ஜிபி இடம் கிடைத்தது. இடத்தை மட்டும் விடுவிப்பதற்கென்றே அதே வலது சொடுக்குப் பட்டியலில் தனியாக ஒரு தெரிவு இருந்தது. அதைக் கொடுத்திருந்தால் கணினியிலிருந்து மட்டும் நீங்கி, கிளவுடில் அப்படியே இருந்திருக்கும். ஒத்திசைவு என்பது இரண்டு இடங்களையும் ஒன்றுபோல வைத்திருக்கும் வேலை. நான் இங்கே நீக்கியதும் செயலி தன் கடமையைச் சரியாகச் செய்து அங்கேயும் நீக்கியது. அங்கிருந்து அண்ணன் கணினியிலும் நீக்கியது.

பத்தொன்பதாம் நாள் அண்ணன் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, அப்பா டைரி ஃபோல்டர் காலியா இருக்கே, வேற எங்கயாச்சும் மாத்திட்டியா?" என்று கேட்டார். சில விநாடிகள் எனக்குப் பேச்சே வரவில்லை.

அந்தச் சேவையின் வாடிக்கையாளர் உதவி அரட்டையில் ஒன்றே கால் மணி நேரம் போனது. பேசியவர் மூன்று முறையும் ஒரே பதிலைத்தான் தந்தார்: கணக்கிலிருந்து வெளியேறி, செயலியை நீக்கி, மீண்டும் நிறுவுங்கள். கோப்புகளைக் காணவில்லை என்று சொல்லும் ஒருவரிடம் முதலில் கேட்க வேண்டியது 'குப்பைத்தொட்டியைப் பார்த்தீர்களா' என்பதுதான். அதை அவர் கடைசிவரை கேட்கவே இல்லை. கோப்புகள் காணாமல் போன நிலையில் செயலியை நீக்குவது ஆபத்தானது. ஏறாமல் காத்திருக்கும் கோப்பு ஏதேனும் இருந்தால் அதுவும் குழப்பத்தில் சிக்கிக்கொள்ளும். முதலில் ஒத்திசைவை இடைநிறுத்துங்கள். பிறகு உலாவியில் கணக்கைத் திறந்து, கிளவுடின் குப்பைத்தொட்டியைப் பாருங்கள். கணினியின் குப்பைத்தொட்டி வேறு, இது வேறு. பல சேவைகள் நீக்கியவற்றை 30 நாட்கள் அங்கே வைத்திருக்கின்றன. எங்களுக்கு இன்னும் 11 நாட்கள் மிச்சம் இருந்தன.

குப்பைத்தொட்டியை அண்ணன்தான் கோவையிலிருந்து திறந்து பார்த்தார். பட்டியல் மொத்தமாக வரவில்லை. கீழே இழுக்க இழுக்கத்தான் நீண்டது. நான் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டிருக்க, அவர் ஒவ்வொரு டைரியின் ஆண்டாகப் படித்துக்கொண்டே வந்தார். அன்றிரவே 2,397 படங்களும் பழைய இடத்துக்குத் திரும்பின. மிச்சம் மூன்று? அவைதான் கிளவுடுக்குப் போகவே இல்லையே என்று மனம் சோர்ந்த நேரத்தில், நீக்க இயலவில்லை என்று விண்டோஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் மூன்றும் என் வட்டிலேயே இருந்தன. ஏறவிடாமல் தடுத்த அந்த நீண்ட முகவரியே அவற்றை அழியவிடாமலும் காத்திருக்கிறது. மேல்நிலைக் கோப்புறையின் பெயரை ஓரெழுத்தாகச் சுருக்கியதும் மூன்றும் திறந்தன. அவற்றில் ஒன்று, கலிங்கு உடைந்த ஆண்டின் வரைபடம்.

இதன்பிறகு அண்ணனும் நானும் பெயர்களை ஒழுங்குபடுத்த ஒரு வாரம் செலவிட்டோம். தமிழில் கோப்புகளுக்குப் பெயர் வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அண்ணன் கணினி உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்குகிறது. லினக்ஸில் வழக்கமான வட்டு அமைப்பில் ஒரு பெயர் 255 பைட்டுகளைத் தாண்டக்கூடாது. தமிழின் ஒவ்வொரு குறியீடும் அங்கே 3 பைட் எடுத்துக்கொள்வதால் 85 குறியீடுகளுக்குத்தான் இடம் உண்டு. 'கு' என்பதில் ககரமும் உகரக் குறியும் தனித்தனிக் குறியீடுகள். 'க்' என்பதிலும் புள்ளி தனி. ஆகவே நம் கண்ணுக்கு ஐம்பது சொச்சம் எழுத்துகளாகத் தெரியும் பெயரே அந்த எல்லையைத் தொட்டுவிடும். என் விண்டோஸ் ஏற்றுக்கொண்ட பெயர்களில் சில அண்ணன் பக்கம் இறங்காமல் நின்றதற்கு அதுவே காரணம். இப்போது 'டைரி ஆண்டு, பக்க எண், ஒரு சொல்' என்பதோடு பெயரை நிறுத்திக்கொள்கிறோம். முதல் வரிகளைத் தனி அட்டவணையில் எழுதி வைத்திருக்கிறோம். டைரிக் கோப்புறையையும் டாக்குமென்ட்ஸிலிருந்து எடுத்து, டி இயக்ககத்தில் குறுகிய முகவரியில் வைத்தாயிற்று.

ஒத்திசைவில் சேராத ஒரு நகலும் இப்போது உண்டு. 1 டிபி வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றை வாங்கி, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை புதியவற்றை அதில் பதிந்து, கழற்றி பீரோவில் வைத்துவிடுகிறேன். கணினியோடு இணைந்திராத வட்டில் என் விரல் தவறி எதையும் அழித்துவிடாது.

ஒரு சிக்கல் மட்டும் இன்னும் தீரவில்லை. 'கொடும்பாளூர்' என்ற ஒரே பெயரில், ஒரே கோப்புறையில், இரண்டு குறிப்புக் கோப்புகள் நிற்கின்றன. 'கொ' என்பதன் உயிர்க்குறியை என் விசைப்பலகை ஒரே குறியீடாகவும், அண்ணனுடையது கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் பதிகின்றன. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் கணினிக்கு அவை வேறு வேறு பெயர்கள். இது தெரியாமல் ஒன்றில் நானும் மற்றொன்றில் அண்ணனும் பல வாரங்கள் எழுதி வந்திருக்கிறோம். தீபாவளிக்கு அவர் வரும்போது பக்கத்தில் அமர்ந்து வரிவரியாக ஒப்பிட்டுச் சேர்ப்பதாகப் பேசியிருக்கிறோம். அதுவரை இரண்டில் எதையும் நீக்குவதில்லை.